பையில் எழுதிய புரதமும் உடலில் சேரும் புரதமும்



நாய், பூனை உணவுப் பைகளிலும் மாட்டுத் தீவன மூட்டைகளிலும் 'கச்சாப் புரதம்' இத்தனை வீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் எப்படி வருகிறது?

1883 இல் டென்மார்க் இரசாயனவியலாளர் யொஹான் கெல்டால் ஒரு முறையை வெளியிட்டார். தீவன மாதிரியைச் செறிந்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து அதிலுள்ள நைதரசனை அளப்பதே அம்முறை. புரதத்தில் ஏறத்தாழ 16 வீதம் நைதரசன் உண்டு. ஆகவே கிடைத்த அளவை 6.25 ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம். மாதிரியை எரித்து அளக்கும் இன்றைய கருவிகளும் நைதரசனையே கணக்கிடுகின்றன.

அந்த நைதரசன் எதிலிருந்து வந்தது என்பதை இச்சோதனை சொல்லாது. ஆபத்து இங்கேதான். மெலமைன் என்னும் இரசாயனப் பொருளில் 66 வீதம் நைதரசன். புரதமோ துளியும் இல்லை. அது கலந்த, சீனாவிலிருந்து வந்த கோதுமை மா சேர்ந்த உணவைத் தின்று 2007 இல் வட அமெரிக்காவில் ஏராளமான பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. 2008 இல் சீனாவில் குழந்தைகளின் பால்மாவிலும் அதே மோசடி நடந்தது.

மோசடி இல்லாவிட்டாலும் எண் ஏமாற்றலாம். கோழி இறகில் 80 வீதத்துக்கு மேல் புரதம் உண்டு. பதப்படுத்தாமல் கொடுத்தால் பெரும்பகுதி சமிபாடடையாது. அதனால்தான் இறகுமா போன்ற தீவனங்களை, இரைப்பையில் சுரக்கும் பெப்சினையும் ஐதான அமிலத்தையும் சேர்த்து, 45 பாகை செல்சியசில் 16 மணிநேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். கரையாமல் எஞ்சும் புரதம் விலங்குக்கும் பெரும்பாலும் பயன்படாது.

எனவே நேயர்களே, வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். புரதம் எதிலிருந்து வந்தது, எவ்வளவு சமிபாடடையும் என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.