மீன் குஞ்சுக்கு வைட்டமின் ‘ஏ’: அளவு மீறினால் முதுகெலும்பு கெடும்

கொடுவா மீன் குஞ்சுகளை வாங்கி வளர்ப்போர், அறுவடையின்போது சில மீன்கள் கூன் விழுந்தும், வாய் கோணியும், உடல் குறுகியும் இருப்பதைக் காண நேரிடலாம். இவற்றுக்குச் சந்தையில் உரிய விலை கிடைப்பதில்லை. இக்குறை பெரும்பாலும் வளர்ப்புக் குளத்தில் தொடங்குவதில்லை. குஞ்சு பொரிப்பகத் தொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. இதற்கான காரணங்களுள் ஒன்று வைட்டமின் ‘ஏ’ சத்தின் ஏற்றத்தாழ்வு ஆகும்.

எலும்பில் இதன் பங்கு

வைட்டமின் ‘ஏ’ கண் பார்வைக்கு மட்டும் உரியதன்று. இதில் ஒரு பகுதி உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, எலும்பு உருவாவதற்கான மரபணுக்களை இயக்குகிறது. ஆகவே, எலும்பு உருவாகும் இளம் பருவத்தில் இச்சத்து குறைந்தாலும் கேடு; மிகுந்தாலும் கேடு. இது கொழுப்பில் கரைவதால், மிகுதியானது எளிதில் வெளியேறாமல் உடலில் தங்கிவிடும்.

ஜப்பானின் அனுபவம்

ஜப்பானியப் பொரிப்பகங்களில் ‘ஹிராமே’ என்னும் தட்டை மீனின் நிறமுள்ள மேற்புறம் வெளுத்துப் போவது பெருங்குறையாக இருந்தது. வைட்டமின் ‘ஏ’ ஏற்றிய ஆர்ட்டீமியாவைக் கொடுத்தபோது வெளுப்பு குறைந்தது. ஆனால் அளவு கூடியபோது முள்ளெலும்புகள் நசுங்கி ஒட்டிக்கொண்டன என்பதை 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. நிறத்தைக் காத்த மருந்தே எலும்பைக் கெடுத்தது.

பொரிப்பகத்தார் கவனத்துக்கு

கொடுவா இளங்குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிபரும், பின்னர் ஆர்ட்டீமியாவும் இரையாகின்றன. ஆர்ட்டீமியாவில் இச்சத்து குறைவு. எனவே சத்துக் குழம்பில் ஊறவைத்து ஏற்றுகின்றனர். இங்குதான் கவனம் தேவை.

* தயாராக விற்கும் சத்துக் குழம்பில் வைட்டமின் ‘ஏ’ சேர்ந்திருக்கிறதா என்று சிட்டையில் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் மீண்டும் தனியாகச் சேர்க்கக் கூடாது.
* காட் மீன் ஈரல் எண்ணெயில் 1 கிராமுக்குச் சுமார் 1,000 சர்வதேச அலகு உண்டு. ‘வெறும் எண்ணெய்தானே’ என்று கைக்கணக்கில் ஊற்றலாகாது.
* 1 மில்லிகிராம் ரெட்டினால் என்பது சுமார் 3,333 சர்வதேச அலகு. மில்லிகிராமையும் அலகையும் குழப்பிக்கொண்டால் அளவு பன்மடங்கு மாறிவிடும்.

குஞ்சு வாங்குவோர் கவனத்துக்கு

வாங்கும் முன் 100 குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் நீருடன் விட்டு, முதுகு, தாடை, செவுள் மூடி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். என்ன சத்துக் குழம்பு, எத்தனை நாள் கொடுத்தார்கள் என்றும் கேட்டறிவது நல்லது. வைட்டமின் ‘சி’ குறைவு, காற்றுப்பை விரியாமை, தொட்டியில் நீரோட்ட வேகம் ஆகியவற்றாலும் கூன் விழலாம். ஆதலால் ஒரே காரணத்தின் மீது பழி போட்டுவிடக் கூடாது.

ஒன்று மட்டும் உறுதி. இளமையில் ஒட்டிப்போன முள்ளெலும்பைப் பின்னர் எந்தத் தீவனமும் பிரித்துச் சீராக்காது. முதல் சில வாரக் கவனமே அறுவடையின் விலையைத் தீர்மானிக்கிறது.