பெக்கில் மாவுச்சத்து இல்லை... ஆனால்!

'சோத்தை விட்டாச்சு, இட்லியை விட்டாச்சு. மாசத்துல ஒருநாள் ரெண்டு பெக் போட்டா என்னவாம்?' என்று பேலியோவில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறாரா? கணக்கைப் பார்த்துவிடலாம்.

விஸ்கி, பிராந்தி, ரம் எதிலும் மாவுச்சத்து கிடையாது. கலக்கிற கோலாவில்தான் வினை. 300 மில்லியில் சுமார் 30 கிராம் சர்க்கரை! சோடா, தண்ணீர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பீர் வேண்டவே வேண்டாம்; பெரிய பாட்டிலில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து.

அதுக்காக தாராளமா ஊத்திக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. கல்லீரல் முதலில் அதைத்தான் எரிக்கும். கொழுப்பு கரைவது அதுவரை காத்திருக்கும். தொட்டுக்க மிக்சர், பஜ்ஜி வந்தால் அன்றைய டயட் அவ்வளவுதான். ஆம்லெட் தேவலை.

அவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறாரா? டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். மாவுச்சத்தைக் குறைத்தவரின் கல்லீரலில் சர்க்கரை இருப்பு ஏற்கெனவே கம்மி. புதிதாகத் தயாரிப்பதையும் ஆல்கஹால் தடுத்துவிடும். நடுராத்திரியில்கூட சர்க்கரை தடாலென்று இறங்கலாம். வியர்வை, தள்ளாட்டம், பேச்சில் குழறல்... 'போதையில கிடக்கார்' என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட். நினைவில்லையா? வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.