கடல் காற்றாலைக்குப் புதுக் காந்தம்: ஏன் இவ்வளவு கஷ்டம்?

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்குக் காந்தம் பற்றிப் பேசப்போறோம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் இல்லை. கடலுக்கு நடுவில் சுற்றுகிற காற்றாலைக்குள்ள டன் கணக்கில் இருக்கிற காந்தம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலிருந்து 89 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் ஹார்ன்சீ 2 என்ற காற்றாலைப் பண்ணை இருக்கிறது. 2022-இல் முழுசாக இயங்கத் தொடங்கியது. மொத்தம் 165 டர்பைன்கள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட். இந்த வகை டர்பைனில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படின்னா ஒரு டர்பைனுக்குக் கிட்டத்தட்ட 5 டன். பண்ணை முழுக்கச் சேர்த்தால் 800 டன் பக்கம் வரும்.

அதே பக்கத்தில் ஹல், டர்ஹம், ஷெஃபீல்டு உட்பட நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, கடல் காற்றாலைக்கென்றே ஒரு முனைவர் பட்டப் பயிற்சி மையம் நடத்துகின்றன. இந்தத் துறையில் பிஎச்டி செய்ய வருகிற ஒருவரிடம், "இதுக்குப் புதுக் காந்தப் பொருள் கண்டுபிடி" என்று சொன்னால் என்ன ஆகும்? அவருடைய நாலு வருஷம் எதில் போகும்? அதுதான் இன்றைய கேள்வி.

முதலில், காந்தம் எதுக்கு?

பெரிய டர்பைனின் இறக்கை நிமிஷத்துக்குச் சுமார் பத்து சுற்றுதான் சுற்றும். வழக்கமான ஜெனரேட்டருக்கு அந்த வேகம் பத்தாது. ஒரு வழி, நடுவில் கியர்பாக்ஸ் போட்டு வேகத்தைக் கூட்டுவது. ஆனா கியர்பாக்ஸ் தேயும், பழுதாகும். நிலத்தில் என்றால் கிரேன் கொண்டுவந்து மாற்றலாம். நடுக்கடலில் அதுக்குத் தனிக் கப்பல் வேணும், அலை அடங்கும் வரை காத்திருக்கணும், அதுவரை டர்பைன் சும்மா நிற்கும்.

அதனால கியர்பாக்ஸையே தூக்கிவிட்டு, இறக்கையோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றும் அகலமான ஜெனரேட்டர் வைக்கிறார்கள். சுற்றும் வளையம் முழுக்கக் காந்தத் துண்டுகள். செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் செலுத்தியும் காந்தப்புலம் உண்டாக்கலாம். ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் நிலத்தில் நிற்கும் டர்பைன்களில் அப்படிச் செய்திருக்கிறது. ஆனா எடை கூடும். கோபுரத்து உச்சியில் எடை கூடினால் கோபுரம், அஸ்திவாரம் எல்லாத்துக்கும் செலவு கூடும்.

இப்போது இருக்கிற ஹீரோ

இன்று பயன்படுவது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். நாற்பது வருஷம் ஆச்சு, இன்னும் இதை முந்தி ஒரு காந்தம் சந்தைக்கு வரவில்லை.

அப்போ பிரச்சினை என்ன? ஒரு நல்ல காந்தத்துக்கு மூன்று குணம் வேணும். ஒன்று, பலம். இரண்டு, பிடிவாதம்: எதிர்த் திசையில் புலம் வந்தாலும் தன் திசையை மாற்றிக்கொள்ளக் கூடாது. மூன்று, சூட்டைத் தாங்குவது. ஜெனரேட்டருக்குள் சூடு இருக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆச்சுன்னா கம்பிச் சுருளில் பாயும் பெரிய மின்னோட்டம் காந்தத்தை எதிர்த்துத் தள்ளும். அந்த நேரம் காந்தம் வளைந்துகொடுத்தால் பலத்தில் ஒரு பகுதி போய்விடும், தானாகத் திரும்பி வராது. இருபத்தைந்து வருஷம் ஓட வேண்டிய மெஷின் அது.

நியோடிமியம் காந்தத்துக்குப் பலம் அபாரம். சூடு ஏற ஏறப் பிடிவாதம் சரியும். அதுக்கு மருந்தாகத்தான் டிஸ்ப்ரோசியம் என்ற தனிமத்தைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அது பிடிவாதத்தைக் கூட்டும். ஆனா டிஸ்ப்ரோசியம் அணுவின் காந்தம் இரும்புக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும், அதனால மொத்த பலம் குறையும். விலையும் நியோடிமியத்தைவிடப் பல மடங்கு.

உலகத்துக்கு டிஸ்ப்ரோசியம் பெரும்பாலும் தெற்குச் சீனாவின் களிமண் மலைகளிலிருந்தும், மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்தும் வருகிறது. மலையில் துளை போட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றி, கீழே வடிந்து வருவதைச் சேகரிக்கிறார்கள். ஓடைத் தண்ணீரும் மண்ணும் கெட்டுப்போகிற முறை இது. பிரித்தெடுக்கும் தொழிலோ பெரும்பாலும் சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமேரியம் உட்பட ஏழு தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. சுத்தமான மின்சாரம் என்று நாம் சொல்வதுக்குப் பின்னாடி ஒரு மலையும் ஒரு லைசென்ஸும் இருக்கு.

போட்டியாளர்கள் யார் யார்?

முதல் ஆள் சீரியம். மோனசைட் மணலில் இருக்கும் அருமண் தனிமங்களில் ஏறக்குறைய பாதி இதுதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும் மோனசைட் உண்டு. நியோடிமியம் எடுக்கும்போது சீரியமும் கூடவே வந்து மிஞ்சிக் கிடக்கும், மலிவு. 2018-இல் டொயோட்டா, நியோடிமியத்தில் ஒரு பங்குக்குப் பதில் சீரியமும் லாந்தனமும் போட்ட காந்தத்தை அறிவித்தது. சிக்கல் என்னன்னா, முழுக்கச் சீரியம் போட்டால் சுமார் 150 டிகிரியிலேயே காந்தத்தன்மை மொத்தமாகப் போய்விடும். நியோடிமியத்துக்கு அந்த எல்லை 310 டிகிரி பக்கம்.

இரண்டாவது ஆள், ஒரு சமேரியம் அணுவுக்குப் பன்னிரண்டு இரும்பு அணுக்கள் கொண்ட குடும்பம். 2017-இல் ஜப்பானில், இரும்பில் ஒரு பங்கைக் கோபால்ட்டாக மாற்றிச் செய்த மெல்லிய படலம், அடிப்படைக் குணங்களில் நியோடிமியம் காந்தத்தையே முந்தியது. ஆனா அது படலம். கட்டியாகச் செய்யப் போனால் படிகம் நிலைக்காது. நிலைக்க வைக்க டைட்டானியம் சேர்த்தால் பலம் குறையும். போதாக்குறைக்கு, சமேரியமும் அந்த ஏழு தனிமப் பட்டியலில் இருக்கு.

மூன்றாவது ஆள் விண்ணிலிருந்து வந்தவர். டெட்ராடீனைட் என்று பெயர். இரும்பும் நிக்கலும் மட்டும்தான், ஆனா அடுக்கு அடுக்காக மாறி மாறி ஒழுங்காக நிற்கும். விண்கற்களில் இயற்கையாகவே கிடைக்கிறது, ஏன்னா அவை லட்சக்கணக்கான வருஷம் ஆறுகின்றன. 320 டிகிரிக்கு மேல் அந்த ஒழுங்கு கலையும். அதுக்குக் கீழே அணுக்கள் ரொம்ப ரொம்ப மெதுவாகத்தான் நகரும். 2022-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, பாஸ்பரஸ் சேர்த்து வார்த்தால் இது சட்டென உருவாகிறது என்று அறிவித்தது. ஆனா ஜெனரேட்டரில் பொருத்தும் காந்தக் கட்டியாக இது வர இன்னும் தூரம் இருக்கு.

பிஎச்டி எங்கே உள்ளே வருது?

நம்மள மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது ஒரு தேடல் பிரச்சினை மாதிரித் தெரியும். ஆயிரம் கலவைகளைக் கணினியில் ஓட்டி, எது தேறும்னு பார்த்தால் முடிஞ்சது, இல்லையா? அந்தப் பகுதி உண்மையிலேயே வேகமாகிவிட்டது. எலக்ட்ரான் கணக்குப் போட்டு ஒரு படிகத்தின் பலத்தையும் பிடிவாதத்தின் உச்ச எல்லையையும் மதிப்பிடலாம். ஒரே தட்டில் கலவை விகிதம் படிப்படியாக மாறுகிற மாதிரிப் படலம் பூசி, பல கலவைகளை ஒரே நாளில் சோதிக்கலாம்.

நாலு வருஷத்தைத் தின்பது அதுக்கப்புறம் வருவது. நிஜக் காந்தத்தின் பிடிவாதம், கணக்குச் சொல்லும் எல்லையில் பொதுவாகக் கால்வாசிதான் வரும். பிரௌன் முரண் என்று இதுக்குப் பெயர், 1945-லிருந்து தெரிந்த விஷயம். காரணம், காந்தம் ஒரே படிகம் கிடையாது. கோடிக்கணக்கான நுண்துகள்கள் ஒட்டிய கட்டி. ஒரு துகளின் ஓரத்தில் சின்னக் குறை இருந்தாலும் அங்கிருந்து திசை புரள ஆரம்பிக்கும். அதனால உருக்கணும், பொடிக்கணும், காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தணும், சூடாக்கி இறுக்கணும், மைக்ரோஸ்கோப்பில் ஓரங்களைப் பார்க்கணும். வரலைன்னா மறுபடியும் முதலிலிருந்து.

இந்த ஓர ஆராய்ச்சியால் ஏற்கெனவே பலன் கிடைத்திருக்கு. திசை புரள்வது துகளின் வெளித்தோலில்தான் தொடங்குகிறது என்று தெரிந்ததும், டிஸ்ப்ரோசியத்தைக் கட்டி முழுக்கக் கலக்காமல் தோலில் மட்டும் ஊறவிடும் முறை வந்தது. அதே பிடிவாதம், ரொம்பக் குறைந்த டிஸ்ப்ரோசியம். புதுப் பொருளே கண்டுபிடிக்காமல் கிடைத்த லாபம் இது. "இந்தக் கலவை இந்தக் காரணத்தால் தேறாது" என்று ஒரு ஆய்வேடு உறுதியாகச் சொன்னால், அதுவும் அடுத்தவருடைய நாலு வருஷத்தை மிச்சப்படுத்தும்.

பழைய காந்தத்தை மறுசுழற்சி செய்யலாமேன்னு கேட்கலாம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சவிட்டுக் காந்தத்தைப் பொடியாக்கும் முறை இருக்கு. நல்ல வழிதான். ஆனா ஹார்ன்சீ 2-இன் 800 டன் திரும்பி வர 2040-களின் பிற்பகுதி ஆகிவிடும். அதுவரை கட்டப்போகும் டர்பைன்களுக்கு வேற காந்தம் வேணும்.

அடுத்த தடவை "அருமண் இல்லாத அதிசயக் காந்தம்" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், மூன்று கேள்வி கேளுங்க. அது படலமா, கட்டியா? 100 டிகிரி சூட்டில் அதன் பிடிவாதம் எவ்வளவு? டன் கணக்கில் செய்ய மூலப்பொருள் எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் செய்தியிலேயே பதில் இருந்தால், லிங்க்கை எனக்கு அனுப்புங்க. அதை வைத்து இன்னொரு எபிசோடே போட்டுடலாம்.