வெளியே சுற்றிய துணி, உள்ளே விரியும் வலை

கிருஷ்ணன்கோவில் பக்கம் தென்னந்தோப்பில் வேலையாக இருந்தவர் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாந்தியெடுத்து, பொழுது சாய்வதற்குள் இறந்துபோனால், “காத்துக் கருப்பு அடிச்சிருச்சு” என்பார்கள். படித்தவர்கள் ரத்தக்கொதிப்பு என்பார்கள். அவர்களில் சிலருக்கு வெடித்தது மூளையின் அடிப்பகுதியில் இருந்த ரத்தக்குழாய்ப் புடைப்பாக இருந்திருக்கும். குழாய் கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து, சிறு பைபோல வீங்குவதுதான் அது. நூறு பேரில் ஏறக்குறைய மூவருக்கு இருக்கிறது, பெரும்பாலும் வெடிப்பதில்லை. புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

அந்த மெலிந்த சுவரைத் தாங்க, 1931-இல் எடின்பரோவில் அறுவை மருத்துவர் நார்மன் டாட், நோயாளியின் தசையை எடுத்தே புடைப்பைச் சுற்றிக் கட்டினார். பின்னால் வந்தவர்கள் மஸ்லின் துணியையும் சுற்றினார்கள். ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டித் தறிகளில் கட்டுத்துணி ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இப்படியொரு மெல்லிய துணியை நம்பி ஓர் உயிரை நிறுத்தப் பார்த்தார்கள் என்பது மனத்தைத் தொடுகிறது. 1937-இல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப்பைப் போட்டு ரத்தத்தை அடைத்தார். மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடும் முறை இன்றும் உண்டு. சில புடைப்புகளுக்கு அதுவே சிறந்தது.

1990-களில் பாதை மாறியது. இடுப்பு மடிப்பில் உள்ள தமனி வழியாக நுண்குழாயை மூளைவரை செலுத்தி, பிளாட்டினக் கம்பிச்சுருளால் புடைப்பை உள்ளிருந்தே நிரப்பினார்கள். கிளிப், சுருள் இரண்டில் எந்த முறையும் பொருந்தக்கூடிய 2,143 பேரிடம் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஓராண்டுக்குப்பின் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் சுருள் வைக்கப்பட்டவர்களில் 23.7 சதவீதம், அறுவை செய்யப்பட்டவர்களில் 30.6 சதவீதம்.

வாய் அகன்ற புடைப்புகளுக்கு இப்போது ரத்தக்குழாய்க்குள்ளேயே பின்னல் வலைக்குழாயை விரிக்கிறார்கள். ரத்தம் புடைப்புக்குள் பாயாமல் நேரே ஓடுகிறது. செங்கோட்டை தாண்டினால் எட்டிவிடும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம் இத்தகைய கருவியை நம் நாட்டிலேயே உருவாக்க, 2021-இல் புனே நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது. இக்கருவியின் விலை குறைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு வளர்ந்தும், “வெயில்ல நின்னது, சுக்கு பத்துப் போடு” என்று வீட்டிலேயே கழியும் நேரம் மட்டும் குறையவில்லை. வாழ்நாளில் வராத தலைவலி நொடியில் உச்சத்துக்கு ஏறி, கழுத்தும் விறைத்தால் அது வெயில் அல்ல. கசிந்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். 2008 முதல் ஓடும் 108 வண்டியை உடனே அழைத்து, சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரை சுமார் 65 கிலோமீட்டர்தான். பெற்றோர், உடன்பிறந்தோரில் இருவருக்கு இந்தப் புடைப்பு வந்திருந்தால், மற்றவர்கள் எம்.ஆர். ஆஞ்சியோகிராம் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.