பழைய துவக்கும் புதிய சன்னமும்

பழைய பொருளொன்றை வாங்கப் புகுவோர், "எவ்வளவு தேய்ந்திருக்கிறது?" என்பதையே முதலில் வினவுவர். கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் அவ்வினா போதும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய வேட்டைத் துவக்கு வாங்குவோர்க்கோ அது போதாது. "எந்தக் காலத்துச் சன்னத்துக்காக இது செய்யப்பட்டது?" என்பதே அங்குத் தலையாய வினா. அதன் காரணத்தை ஆராயின், பௌதிகமும் உயிரியலும் சட்டமும் ஓரிடத்தே கூடுவதைக் காண்போம்.

அந்நாட்டில் இளவேனிலிற் காட்டு வான்கோழியையும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காட்டுத் தாராவையும் வேட்டையாடுதல் பலரது வழக்கம். இரண்டுக்கும் ஒரே துவக்கை விரும்புவோர் அரைத் தானியங்கித் துவக்கை நாடுவர். விசையை ஒருமுறை இழுக்க ஒரு வெடி தீரும். வெற்றுத் தோட்டா தானே வெளியே விழ, அடுத்தது உள்ளே ஏறும்.

இவ்வகையில் முதற்பெரும் புகழ் பெற்றது ஜோன் மோசஸ் பிரௌணிங் என்ற அமெரிக்கர் அமைத்த "ஓட்டோ-5". அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெல்ஜியத்திலும் பின்னர் யப்பானிலுமாக 1998 வரை செய்யப்பட்டது. வெடியின் எதிருதைப்பால் அதன் குழலே பின்னோக்கி நகரும். 1963இல் வந்த "றெமிங்டன் 1100" வேறுவகை; குழலிலுள்ள சிறு துளைகள் வழியே வரும் வாயு அதனை இயக்கும். ஆதலால் தோளில் விழும் உதைப்பும் மென்மையாகும்.

இனி, சன்னத்துக்கு வருவோம். தாராக்கள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவன. நீரடியிற் கிடந்த ஈயச் சன்னங்களையும் அவை அவ்வாறே விழுங்கின. இரைப்பையில் அரைபட்ட ஈயம் குருதியிற் கலந்து அவற்றைக் கொன்றது. அவற்றை உண்ட கழுகுகளும் மாண்டன. ஆகவே 1991 முதல் நாடெங்கும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் விலக்கப்பட்டது. உருக்குச் சன்னம் பெருவழக்காயிற்று.

ஈயம் நீரைப் போல் 11.3 மடங்கு அடர்த்தியுடையது. உருக்கோ ஏறத்தாழ 7.8 மடங்கே. இலேசான சன்னம் காற்றில் விரைவில் வேகம் இழக்கும். எனவே பருமனான சன்னம் வேண்டும். அன்றியும், ஈயம் நெரிந்து இடங்கொடுக்கும், உருக்கு கொடாது. ஒடுங்கிய வாயுடைய பழைய குழலில் அதனைச் செலுத்தினாற் குழல் வீங்கக்கூடும். பெல்ஜியத்திற் செய்த பழைய ஓட்டோ-5 குழல்களில் உருக்குச் சன்னம் வேண்டாவென அதன் நிறுவனத்தாரே எச்சரிக்கின்றனர்.

வான்கோழியின் தலையையும் கழுத்தையும் குறிவைப்பதால், சன்னங்கள் சிதறாது செல்ல ஒடுங்கிய வாய் வேண்டும். தாராவுக்கு உருக்குச் சன்னம் செலுத்த அகன்ற வாய் வேண்டும். ஆகவே, குழல்வாயைத் திருகிக் கழற்றி மாற்றக்கூடிய துவக்கே இரண்டுக்கும் ஏற்றது.

வாங்குவோர் முதலில் உள்ளே தோட்டா இல்லையெனத் தாமே உறுதிசெய்தல் வேண்டும். பின் குழலிற் பொறித்த தோட்டா அளவை வாசித்தல் வேண்டும். 2¾ அங்குலத் தோட்டாவுக்கான அறையில் 3 அங்குலத் தோட்டாவும் நுழைந்துவிடும். வெடிக்கையில் அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி அமுக்கம் அபாயகரமாக உயரும். 1935 முதல் தாரா வேட்டைக்கு மூன்று தோட்டாவுக்கு மேற் கொள்ளும் துவக்கு ஆகாது. அதற்கான அடைப்புக்கட்டை உண்டா என்பதையும் பார்த்தல் நன்று.

வாயுவால் இயங்கும் பழைய றெமிங்டனில் றப்பர் வளையம் வெடித்திருக்கலாம். அது அற்ப விலைக்கு மாற்றத்தக்கது. அதற்கஞ்சி அதனை ஒதுக்கிவிட்டு, மினுக்கிய பழங்குழலொன்றை உருக்குச் சன்னத்துக்காக வாங்குவோன் பொருளையும் இழப்பான், கையையும் இழக்கக்கூடும். முன்னோர் விட்டுச்சென்ற துவக்கை எறியவும் வேண்டுவதில்லை. விலை மிகுந்ததாயினும் மென்மையான பிஸ்மத்துச் சன்னம் உண்டு. அது பழங்குழலுக்கும் தீங்கு செய்யாது, தாராவின் குளத்துக்கும் நஞ்சாகாது.