சின்னத்திரையிலிருந்து ஏட்டுக்கு

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ஆனந்த விகடனில் தொடர்கதையாக வாசகரை வசீகரித்த பின்னரே, ஜீனோ என்னும் இயந்திர நாயோடு தூர்தர்ஷனில் பிரவேசித்தது. இங்கிலாந்திலோ இந்தக் கிரமம் தலைகீழாயிற்று. பி.பி.சி. 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ விஞ்ஞானத் தொடரின் ஒரு கதையை, அதன் முதல் கதைப் பொறுப்பாசிரியரான டேவிட் விட்டேக்கர், தொடரில் இல்லாத ஒரு மூடுபனி இரவில் ஆரம்பித்து, இயான் என்னும் பாத்திரத்தின் வாய்மொழியாகவே விவரித்து, 1964-இல் தனிச்சிறப்புள்ள நாவலாக்கினார். பிற்காலத்தில் அநேக ஒளிநாடாக்கள் அந்தோ, அழிக்கப்பட்டுவிட்டமையால், மறைந்த அக்கதைகளை வாலிபர் பலர் அறிந்தது, 1973 முதல் டார்கெட் பிரசுரம் வெளியிட்ட மலிவுப் பதிப்பு நாவல்களின் வாயிலாகவே. அவற்றுள் 60-க்கும் மேற்பட்டவை டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒருவரின் சிருஷ்டி.