அயல்நாட்டுக் கடைக்கு நம் வீட்டுக் கல்லாப்பெட்டி

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிற அழைப்புகளில் ஒரு வகை, படித்தவுடன் சந்தேகம் எழாத அளவுக்குச் சாதுவான பாஷையில் எழுதப்பட்டிருக்கும். துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு வியாபார ஸ்தாபனத்துக்கு இந்தியாவில் வாடிக்கையாளர்கள் பெருகிவிட்டார்களாம். இங்கே கம்பெனிக் கணக்குத் திறக்க நாள் பிடிக்கிறதாம். அதுவரை அவர்கள் செலுத்தும் தொகையை உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கி, நூற்றுக்கு இரண்டு கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியைச் சொல்லுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டால் போதுமாம். உத்தியோகத்தின் பெயர் 'பேமெண்ட் ஏஜெண்ட்'. முதலும் வேண்டாம், அலைச்சலும் இல்லை என்கிறபோது, வேலை தேடிச் சலித்த ஒரு பட்டதாரி இதில் என்ன பிசகு என்று கேட்பது இயல்பே.

கடல் கடந்த வியாபாரத்துக்கு ஏஜெண்டாக இருப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் லேவாதேவி நடத்திய காலத்தில், முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மூன்று வருஷத் தவணைக்குக் கப்பலேறிய ஏஜெண்டு அங்கே கொடுக்கல் வாங்கலைக் கவனித்தார். ஆனால் அவர் கையில் முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்தது. வரவும் செலவும் கடையின் விலாசத்தில், கடையின் பேரேட்டில் ஏறின. இன்றைய 'ஏஜெண்டு'க்கோ பத்திரமும் இல்லை, பேரேடும் இல்லை. வருகிற ஒவ்வொரு ரூபாயும் அவருடைய சொந்தப் பெயரில், அவருடைய பான் எண்ணின்மேல் வரவாகிறது. ஆகவே வங்கியும் வருமான வரி அதிகாரியும் போலீஸாரும் விளக்கம் கேட்டு முதலில் வருவது, கண்காணாத முதலாளியிடம் அல்ல, கணக்கின் சொந்தக்காரரிடமே.

அந்த ஸ்தாபனம் மெய்யானதாகவே இருக்கட்டும். சிங்கப்பூரில் குடியேறிய மைத்துனர் நடத்துகிற நாணயமான ஆன்லைன் கடையாகவே இருக்கட்டும். அப்பொழுதும் 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டில் வசிப்பவருடைய உத்தரவின்பேரிலோ அவர் சார்பாகவோ வருகிற பணத்தை, அங்கீகாரம் பெற்ற வங்கி முதலிய அமைப்பின் வழியாக அன்றி வேறு விதமாகப் பெறுவதையும், அவருடைய கணக்கில் சேரும்படி இங்கே பணம் செலுத்துவதையும், பொதுவான அல்லது தனிப்பட்ட அனுமதி இருந்தாலொழிய, அதன் 3-வது பிரிவு தடுக்கிறது. இந்தியாவுக்குள் ரூபாய் கைமாறிவிட்டு, வெளியிலிருந்து அதற்கு ஈடான பணம் வராவிட்டால், அது வங்கி வழி வந்த பணம் ஆகாது என்று அந்தப் பிரிவே விளக்கமும் சொல்லுகிறது. மீறினால் அபராதம், சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். 5 லட்சம் ரூபாய் வந்து போனால் ஏஜெண்டுக்குக் கமிஷன் 10,000; அபராதத்தின் உச்சமோ 15 லட்சம். இந்தக் கணக்கை விளம்பரம் போடுகிறவர்கள் காட்டுவதில்லை!

வாங்கிய பணத்தை வங்கி மூலமாகவே மைத்துனருக்கு அனுப்பிவிடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். தனிநபர் ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பது வாஸ்தவம். ஆனால் அப்படி அனுப்பும்போது வங்கி நீட்டுகிற ஏ-2 படிவத்தில், இந்தப் பணம் என்னுடையது என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிறர் வியாபாரத்தில் வந்த பணத்துக்கு அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது பொய்க் கையெழுத்து.

இதுவரை சொன்னது யோக்கியமான வியாபாரத்தைப் பற்றி. முகம் தெரியாதவர் தருகிற 'உத்தியோகத்'தில் பெரும்பாலும் வியாபாரமே இருப்பதில்லை. நாசிக்கிலிருந்து 4,999 ரூபாயும் குவஹாத்தியிலிருந்து 12,500 ரூபாயும் வந்து விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர்கள் சாமான் வாங்கியவர்கள் அல்லர்; போலிப் பங்கு முதலீட்டிலோ போலி வேலை வாக்குறுதியிலோ ஏமாந்தவர்கள். அவர்களில் ஒருவர் விழித்துக்கொண்டு 1930 என்ற உதவி எண்ணை அழைத்ததும், பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு விசாரணை வந்து நிற்கும் முதல் வாசல் நம்முடைய கணக்கு. மறுநாள் ஏ.டி.எம்.மில் பணம் வராது. கிளைக்குப் போனால் 'டெபிட் ஃப்ரீஸ்' என்பார்கள். சொந்தச் சம்பளமும் அதே கணக்கில் இருந்தால் அதுவும் சேர்ந்தே முடங்கும். புகார் பதிவானது அஸ்ஸாமில் என்றால், பதில் சொல்ல வேண்டியதும் அந்த ஊர்ப் போலீஸாருக்கே. கமிஷன் போனால் போகட்டும் என்று இருந்துவிடவும் இயலாது. குற்றத்தில் வந்த பணம் என்று தெரிந்தே துணைபோனதாக நிரூபணமானால், 2002-ஆம் வருஷத்துச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல் உண்டு.

பொதி சுமக்கும் கோவேறு கழுதையை நினைத்து, இத்தகைய கணக்குகளுக்கு 'மியூல்' கணக்கு என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றைக் குறித்து ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளை எச்சரித்தது. 2024 டிசம்பரில், இவற்றை மோப்பம் பிடிக்க 'மியூல்ஹன்டர்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியையும் அறிவித்தது. பணம் வந்த சில நிமிஷங்களிலேயே வெளியேறிவிடுவது வங்கிகள் சந்தேகிக்கிற முக்கிய லக்ஷணங்களில் ஒன்று. ஏஜெண்டிடம் எதிர்பார்க்கிற வேலையோ அதுவேதான்.

உண்மையாக வியாபாரம் செய்கிற அயல்நாட்டு ஸ்தாபனத்துக்கு வழி இல்லாமல் இல்லை. இங்கே கம்பெனி பதிவுசெய்து நடப்புக் கணக்கு திறக்கலாம். அல்லது எல்லை கடந்த வசூலுக்கென்று ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்கீழ் இயங்கும் அமைப்புகளை நாடலாம். இவற்றை விட்டுவிட்டு ஒரு தனிமனிதரின் சேமிப்புக் கணக்கைத் தேடி வருகிறவருக்கு, தம் பெயர் எங்கும் பதிவாகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏற்கெனவே இப்படிப் பணம் வந்து உங்கள் கணக்கில் நின்றால், சொன்ன இடத்துக்கு அனுப்பாதீர்கள், செலவும் செய்யாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அன்றைக்கே வங்கிக் கிளையில் எழுத்து மூலம் தெரிவித்து முத்திரையிட்ட நகலைப் பெற்று, சைபர் குற்றப் போலீஸாரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.